பூமி ‘ம்’ கொட்டிய கதை

முப்பது வருஷமாக அடுத்தவர் பேச்சைப் பெரிதாக்கியே பிழைத்ததால், மைக்செட்காரர் யார் பேச்சையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஞாயிறு காலையில் நூலக மாடியில் நாற்பது பேர் சப்பணமிட்டுக் கண்ணை மூடி, நோயில் கிடக்கிற பூமியைக் குணப்படுத்துவார்கள். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், மைக் வைப்பவர் இவர். பூமிக்கு அன்பை அனுப்புங்கள் என்பார். எந்த விலாசத்துக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார். மைக்செட்காரருக்கு எர்த் என்றால் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குகிற பச்சை வயர், அவ்வளவுதான். "எர்த்தைச் சரிபண்ண நாப்பது பேர் எதுக்கு? குழி வெட்டி உப்பும் கரியும் போட்டா தீர்ந்துச்சு" என்று முணுமுணுப்பார்.

அந்த நாற்பதில் அவருடைய அக்காவும் ஒருத்தி. அவள் புருஷன் போர்வெல் போடுகிற லாரி வைத்திருந்தவர். ஊரையே சல்லடையாக்கிவிட்டு, போன வருஷம் கண்ணை மூடினார். துளைத்த பாவம் தன் தலையில் விடிந்துவிட்டதென்று அக்கா நம்பினாள். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

ஒரு ஞாயிறு குறும்பு மண்டைக்கு ஏறி, மைக்செட்காரர் அந்தப் பச்சை வயரைப் பிடுங்கி விட்டார். எல்லாரும் மௌனத்தில் இருந்தபோது எர்த் இல்லாத ஸ்பீக்கர் பெட்டி ‘ம்ம்ம்’ என்றது. பூமியே பதில் சொன்னதுபோல நாற்பது முகமும் மலர்ந்தன. இவர் துண்டை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினார். வெளியே வந்ததும் போட்டுடைக்கலாம் என்றிருந்தார்.

அக்கா கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தாள். "உங்க மாமா போட்ட ஓட்டைக்கெல்லாம் மன்னிச்சிருவியான்னு கேட்டேன்டா. ம்னு சொல்லிருச்சு."

அன்று மதியம் அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இவர் போட்டுடைக்க வைத்திருந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மூன்று ஞாயிறு பூமி ‘ம்’ கொட்டியது. நான்காவது வாரம் மைக்கைத் தொட்ட வாத்தியார் வெடுக்கென்று கையை உதறி, சக்தி ஏறுகிறது என்று பூரித்தார். தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. வரிசையில் அக்கா. அது சக்தி இல்லை, எர்த் இல்லாத மைக்கில் அடிக்கிற ஷாக் என்று இவருக்குத்தான் தெரியும். ஓடிப்போய் மெயினை அணைத்து, பச்சை வயரை முறுக்கிக் கட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

அடுத்த மௌனத்தில் சத்தமே இல்லை. பூமிக்குக் கொஞ்சம் தேவலை போல என்று மற்றவர்கள் எழுந்து போனார்கள். அக்கா மட்டும் எழவில்லை.

"நான் என்னடா தப்பு பண்ணேன்? பேச மாட்டேங்குதே."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்பு உன்மேல இல்லக்கா. பேசினது பூமி இல்ல, பெட்டி. நான்தான் வயரைப் பிடுங்கி விட்டேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பார்.

"அப்ப மன்னிக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

‘ம்’ என்று சொல்லியிருக்கலாம். ஓரெழுத்து. மூன்று வாரம் பெட்டியைச் சொல்லவைத்த மனுஷனுக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் அக்கா வந்தாள். கடைசி வரிசையில், அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் மூடவில்லை, பச்சை வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்க்கத் தெம்பில்லாமல், வாழ்நாளில் முதல்முறையாக மைக்செட்காரர் அந்தக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.