முள்ளம்பன்றிக் குட்டியின் குரல்

திரையில் முள்ளம்பன்றிக் குட்டி வாயைத் திறந்ததும் என் தம்பி, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி, "இது சித்தி இல்ல" என்றான். முத்தையாபுரத்தில் எங்கள் தெருப் பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் அம்மா திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் சித்தியின் பக்கம் திரும்பியது. சித்தி திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அவள் கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு என் இருக்கையும் சேர்ந்து ஆடுவது தெரிந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்கள் பிறந்த ஊரான ஆலந்தலையில், கோயில் பூசையின்போது பைபிள் வாசகம் வாசிக்கிற குரலுக்காக ஊரில் பெயர் வாங்கியவள். சென்னைக்கு ஏதோ அலுவலக வேலைக்குப் போனவள், தோழியோடு ஒருநாள் டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போய், ஒரு படத்தில் கூட்டம் கத்துகிற காட்சிக்குக் குரல் கொடுக்க நின்றாள். பிறகு அதுவே அவள் வேலையாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கார்ட்டூனில் காடு முழுக்கத் தபால் கொண்டுபோகும் ஒரு முள்ளம்பன்றிக் குட்டி உண்டு. தொலைக்காட்சியில் அதற்குத் தமிழில் பேசியவள் என் சித்திதான். அவளால் ஓரிடத்தில் உட்கார்ந்து பேச முடியாது. மைக்குக்கு முன்னால் குதிப்பாளாம், குனிவாளாம். சத்தம் விழுந்துவிடக் கூடாதென்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு போவாளாம்.

குட்டி மரக்கிளையிலிருந்து ஆற்றில் விழுகிற காட்சி ஒன்று. காகிதத்தில் இருந்தது "நண்பா, என்னைக் காப்பாற்று" என்ற வசனம். படம் ஓட ஓட, தானே விழுவதுபோல நினைத்துக்கொண்டு, சித்தி "ஏலே, புடிலே" என்று கத்திவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அதையே வைத்துக்கொண்டார்கள். பிறகு குட்டி எங்கே விழுந்தாலும் அதையே சொன்னது. கோயம்புத்தூரிலும் வேலூரிலும் பிள்ளைகள் ஊஞ்சலில் இருந்து "ஏலே, புடிலே" என்று கத்துகிறார்களாம் என்று சித்தி போனில் சொன்னபோது, அம்மா அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனாள். நானும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்ப வைக்க வேண்டுமே என்ற தவிப்பு எனக்குப் பெரிதாக இருந்தது.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கார்ட்டூன் முழுநீளப் படமாக வந்தது. அம்மா போன் போட்டு, நீதானே பேசுகிறாய் என்று கேட்டாள். சித்தி நேரில் வந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அம்மா அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். படம் வெளியான அன்று காலை ரயிலில் வந்த சித்தி ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் ஏறி இறங்கினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, என்ன விஷயம் என்று கேட்டதற்கும் சிரித்து மழுப்பினாள். சொல்லத்தான் வந்திருக்கிறாள், அம்மாவின் சந்தோஷத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. படத்தில் பேசியது பெயர் பெற்ற ஒரு நடிகை. போஸ்டரில் அவர் முகமும் இருந்ததாம். தெருவே கிளம்பிய அவசரத்தில் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

படத்தின் நடுவில் குட்டி ஒரு பாறையிலிருந்து விழுந்தது. நடிகையின் குரலில் "ஏலே, புடிலே" என்றது. தியேட்டர் அதிர்ந்தது. சித்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மா என்னை அனுப்பினாள். வண்டிகள் நிறுத்தும் இடத்தில், இரண்டு வரிசை மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, சித்தி போவதும் வருவதுமாக இருந்தாள். வெயிலில் சீட்டுகளெல்லாம் கொதித்துக் கிடந்தன. என்னைக் கண்டதும் நின்றாள்.

"குரலுக்கு ஆள மாத்தினது பெருசில்லட்டி. அந்த வார்த்தைய மட்டுமாவது எனக்குன்னு விட்டிருக்கலாம்," என்றாள். பிறகு, அந்த நடிகை சொன்னது நன்றாக இருந்ததா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள் என்றேன். சித்தி தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, படத்தைக் கடைசிவரை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். தெருவுக்கு முன்னால் தன்னை இப்படி நிறுத்திவிட்டாளே என்று அழுதாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டை ஆறுவதற்குள் சென்னையிலிருந்து போன் வந்தது. தொலைக்காட்சிக்குப் புதிய பகுதிகள் வந்திருக்கின்றன, சித்திதான் பேச வேண்டும். ஆனால் படம் பார்த்த பிள்ளைகள் குழம்பிவிடக் கூடாதாம். அதனால் அந்த நடிகையின் குரல்போலவே பேசித் தரவேண்டுமாம்.

அம்மாவின் கோபம் அந்த நிமிடமே பக்கம் மாறியது. "ஏளா, போகாத. ஒன் பேச்ச எடுத்து அவ பேசுனா. இப்ப நீ அவள மாதிரி பேசணுமாக்கும்?"

சித்தி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் ஓய்ந்த பிறகு சொன்னாள்: "நா போகலன்னா வேற ஒருத்திய கூப்பிடுவாங்கக்கா. அந்தக் குட்டிய யார்ட்டயோ விட எனக்கு மனசு வரல."

அதன் பிறகு சித்தி சென்னைக்குக் கிளம்பும்வரை எங்கள் வீட்டில் அந்த நடிகையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மாடிப்படியில், அடுப்படியில், துணி காயப்போடும் இடத்தில் எல்லாம் சித்தி அதைச் சொல்லிப் பார்த்தாள். வார்த்தைகளைச் சற்று இழுத்து, மூக்கால் கொஞ்சம் கொஞ்சுகிற குரல் அது. அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். எனக்கோ சித்தி பேசும்போதெல்லாம் வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல உள்ளுக்குள் குறுகுறுக்கும்.

புதிய பகுதிகள் ஒளிபரப்பானபோது குட்டி அப்படியே நடிகையின் குரலில் பேசியது. அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிடச் சொன்னாள். தம்பியும் நானும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். பள்ளி விடுமுறை போய்த் திரும்பவும் விடுமுறை வந்தது. ஒருநாள் குளித்துக்கொண்டிருந்த தம்பி, "சித்தி வந்திருக்காளா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். வந்திருந்தது தொலைக்காட்சியில் குட்டிதான். அம்மா ஈரக் கையோடு வந்து நின்று கேட்டாள். இழுப்பு இல்லை, மூக்கொலி இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்டுடியோவில் யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி, சித்தி குரலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

இரண்டாவது படம் வந்தது. அதற்கும் சித்தியைக் கூப்பிடவில்லை. இந்த முறை சித்தி முன்கூட்டியே போன் செய்து, தெருவுக்குச் சொல்லிவிடாதே என்று அம்மாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டு ஆட்கள் நால்வர் மட்டும் போனோம். அதே நடிகைதான். ஆனால் இப்போது அவர் சித்தியைப்போலவே பேச முயன்றுகொண்டிருந்தார். அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அந்தக் கிறிஸ்துமசுக்கு ஆலந்தலைக்கு வந்த சித்தியிடம், ஜெயித்துவிட்டாய் என்றாள். சித்திக்கு அது பிடிக்கவில்லை. கடற்கரையில் என்னோடு நடந்தபோது, அந்தப் பெண்ணையும் யாரோ இப்படிப் பேசு என்று நிற்கவைத்திருப்பார்களே, பாவம் என்றாள். பிறகு, "குரலத் திருப்பிக் கொண்டாந்தேன்னு ஒங்கம்மா சொல்லுதா. வந்தது என் குரல்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்குட்டி," என்றாள். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. அதைச் சொன்னதும் சித்தி நடையைக் கூட்டினாள்.

இப்போது நான் துறைமுகத்தருகே, சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சித்தி சென்னையில்தான் இருக்கிறாள். விளம்பரங்களுக்கும் தொடர்களுக்கும் பேசுகிறாள். என் மகள் அந்தக் கார்ட்டூனைச் செல்போனில் கண்டுபிடித்துவிட்டாள். படங்களும் பகுதிகளும் முன்பின்னாகக் கலந்து வருகின்றன. அவள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது குரலும் மாறி மாறி வருகிறது. அடுத்த அறையில் இருந்தாலும் என்னால் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை. இது யார், இது யார் என்று காது தேடிக்கொண்டே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டுவிட்டாள். குட்டி ஏன் சில நேரம் வேறு மாதிரி பேசுகிறது? நான் சித்திக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, கையில் கொடுத்தேன்.

"அதுக்கு அப்ப சளி புடிச்சிருந்துச்சும்மா," என்றாள் சித்தி.

மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. போனைத் திருப்பித் தர வந்தவள் என்ன நினைத்தாளோ, மறுபடி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"இப்ப சரியாப் போச்சா பாட்டி?"

அந்தப் பக்கம் நடந்துகொண்டே பேசிய சித்தியின் செருப்புச் சத்தம் நின்றது.

"கொஞ்சம் சரியாப் போச்சு," என்றாள். "முழுசாப் போகல."