புத்தகம் பார்த்த மருமகன்

1996 வசந்தத்தில், மருமகன் எட்வின் ஓட்டும் விமானத்தில் மாமியார் வேரோனிக்கா முதன்முறையாக ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவாவுக்குக் கிளம்பினார். மன்னாரிலிருந்து வந்து ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் வளர்ந்த எட்வின் அந்தச் சிறிய விமானத்தின் துணை விமானி. விமானிகளின் அறைக்குக் கதவு இல்லாததால், முன் இருக்கையில் இருந்த மாமியாருக்கு எல்லாமே தெரிந்தது.

மேலெழுந்ததும், அதற்கு உதவ நீட்டியிருந்த இறக்கைகளின் பின்புறத் தகடுகளை உள்ளே இழுத்தார்கள். வலப்பக்கத் தகடு உள்ளே போனது, இடப்பக்கத்தது வெளியிலேயே இறுகிவிட்டது. விமானம் வலப்புறம் சரிந்தது. கப்டன் மக்லீன் இரு கைகளாலும் சுக்கானைப் பிடித்து அதை நிமிர்த்தினார். எட்வின் அவசரக் கையேட்டை எடுத்து நிதானமாக வாசித்தான். தகடுகளை மறுபடி அசைக்கக் கூடாது, வேகம் குறையக் கூடாது, நீளமான ஓடுபாதையைக் கேட்க வேண்டும். ஒருவர் ஓட்ட மற்றவர் வாசிப்பதுதான் அங்கே ஒழுங்கு. ஏரிக்கு மேலே அகலமாகத் திரும்பி, ரொறன்ரோவிலேயே பத்திரமாக இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மகள் ஏஞ்சலாவிடம் சொன்னார்: "பிளேன் சரியுது பிள்ளை. அந்த வெள்ளைக்கார மனிசன் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறார். உன்ரை மனுசன் புத்தகம் பார்க்கிறார்! படிக்காமல் சோதினைக்கு வந்த பெடியன் மாதிரி."

"மாமி, அதுதான் என்ரை வேலை," என்றான் எட்வின்.

"ஓம் ஓம். இனியாவது வீட்டிலை படிச்சிட்டுப் போங்கோ."

அடுத்த ஞாயிறு மாமியார் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். குருவானவர், அவர் எழுதிக் கொடுத்தபடி மக்லீனின் பெயரை மட்டும் சொல்லி ஆண்டவருக்கு நன்றி கூறினார். முழந்தாளில் நின்ற எட்வினும் உரத்து ஆமென் சொன்னான்.