பெரோயாக்காரி

நாகவல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். யாராவது ஒன்றைச் சொன்னால், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிடுவாள். வம்புக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். ஆனாலும் அடி விழும்.

மேனாம்பேட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு, வயிற்றில் தங்கியதெல்லாம் கரைந்துபோனபோது, மாமியார் அவளைக் குறி சொல்கிறவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். போன பிறவியில் பசுவை உதைத்த பாவம் என்றார் அவர். "எந்த ஊர்லங்க? யாரு ஊட்டுப் பசு?" என்று கேட்டாள் நாகவல்லி. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்ததும் மாமியார் தோசைக் கரண்டியைத் திருப்பிப் பிடித்தாள். புருஷன் பூபாலன், ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வெல்டர், பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதற்கும் வாய் திறக்கிற ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜேம்ஸ் சைக்கிளில் வந்தார். ஒல்லியான பையன். ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பத்துப் பேரை வைத்து ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். நாகவல்லி பின்வரிசையில் உட்கார்ந்து, முதல் நாளே கை தூக்கிக் கேள்வி கேட்டாள். அடி விழும் என்று பார்த்தாள். விழவில்லை.

"கேளுங்கக்கா. யார் சொன்னாலும் அப்படியே நம்பிடாதீங்க. நான் சொன்னாலும்தான்" என்றார் ஜேம்ஸ். பிறகு பெரோயா ஊர்க்காரர்களின் கதையைச் சொன்னார். பவுல் எவ்வளவு பெரிய அப்போஸ்தலர். அவரே வந்து பேசியும், பெரியவர் சொல்லிவிட்டார் என்று அந்த ஊர்க்காரர்கள் தலையாட்டவில்லை. சொன்னது சரிதானா என்று வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைத் திட்டவில்லை, மெச்சியது.

கேள்வி கேட்டால் அடிக்காத சாமி ஒன்று உண்டு என்று நாகவல்லிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சாமிக்காக எட்டாவதோடு விட்ட படிப்பை மறுபடி எடுத்தாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, வேதத்தை முழுக்கப் படித்தாள். ஞானஸ்நானத்தின்போது, பேரில் பாம்பு இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சில பெண்கள் சொன்னார்கள். "ஏன், நாகவல்லின்னு கூப்ட்டா ஆண்டவருக்குக் கேக்காதா?" என்றாள். ஜேம்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். "விடுங்க, அவங்க நம்ம பெரோயாக்காரி" என்றார். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் அகல்யா பிறந்தாள்.

கொட்டகை வளர்ந்தது. இப்போது சபை திருமுல்லைவாயிலில், டைல்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. குளிர்சாதனம், கீபோர்டு, மூன்று கேமரா. ஆராதனை யூடியூபில் நேரலையாக ஓடும். ஜேம்ஸ், பாஸ்டர் ஜேம்ஸ் ஆகிவிட்டார். பிரசங்கத்துக்கு நடுவே யாரும் கை தூக்குவதில்லை. நாகவல்லி பழக்கதோஷத்தில் படியிறங்கும்போது கேட்பாள். பெரோயாக்காரி என்கிற பேர் போய் 'தோமாக்கா' என்று ஆனது. இயேசு உயிர்த்தெழுந்ததைச் சந்தேகப்பட்ட சீஷன் தோமாவின் பேர்.

"இன்னா தோமாக்கா, இன்னைக்கு இன்னா டவுட்டு?" என்று கீபோர்டு வாசிக்கிற விஜய் கிண்டல் செய்வான்.

"தோமாதான்டா மெட்ராஸ் வரைக்கும் வந்தாரு. டவுட்டே இல்லாதவங்கள்ல ஒருத்தனாச்சும் பரங்கிமலை ஏறனானா?" என்பாள்.

எல்லோரும் சிரிப்பார்கள். பாஸ்டர் சிரிக்கமாட்டார்.

அகல்யாவுக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது வலிப்பு வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று நாகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எப்படித் தெரியும் என்று நாகவல்லி கேட்டாள். டாக்டரம்மா ஒரு தாளில் மூளையைப் படமாக வரைந்து விளக்கினார். வலிப்பு நின்றது. அந்த வீட்டில் மாத்திரையும் ஜெபமும் சண்டையில்லாமல் குடியிருந்தன.

மாடிச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் நன்மை நடந்த பிறகு எழுந்து சாட்சி சொல்வார்கள். இங்கே நடக்கும் முன்பே சொல்ல வேண்டும். 'கிடைக்கும்' என்று சொன்னால் அவிசுவாசம், 'கிடைத்துவிட்டது' என்று மைக்கில் அறிக்கையிட வேண்டும். வேலை கிடைக்காதவன் வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்வான். சொன்ன பிறகு பின்வாங்கினால் ஆண்டவரைப் பொய்யராக்கின பாவம்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அகல்யா மைக்கைப் பிடித்தாள். "எனக்கு வலிப்பு இல்லை. நான் சுகமாயிட்டேன்" என்றாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. மாத்திரைப் பட்டையை மேடையடியில் வைத்திருந்த கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாத்திரய முழுங்கிடு அகலு. நீ பாட்டுக்கு ஜெபம் பண்ணு, யாரு வேணான்னா?"

"ஒரு கைல விசுவாசம், ஒரு கைல மாத்திரையா? உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்மா. ஊர் சிரிக்குது."

அடுத்து வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து மதியம் படுத்திருந்தவளுக்குத் தூக்கத்திலேயே வலிப்பு வந்தது. நாகவல்லி அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழித்தபோது அகல்யாவுக்கு எதுவும் நினைவில்லை. நாக்கு கடிபட்டிருந்தது. "தூக்கத்துல கடிச்சிட்டேன்போல" என்றாள். நடந்ததை நாகவல்லி சொன்னாள். "பொய். என்னைப் பயமுறுத்தப் பார்க்குற" என்று மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து நாகவல்லி மாத்திரையை நுணுக்கத் தொடங்கினாள். அப்படிக் கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். மகளிடம் பேசி அழைத்து வாங்கம்மா என்றார் அவர். அவள் வரமாட்டாள் என்றதும் பெருமூச்சு விட்டு, இதை நுணுக்கலாம், ஆனால் கசக்கும் என்றார். கசப்பைக் கசப்பில்தான் ஒளிக்க முடியும். காலையில் வெந்தயக் கஞ்சி. ராத்திரி பாகற்காய், இல்லாவிட்டால் வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வத்தக்குழம்பு. 

"இன்னாம்மா, இந்த ஊட்ல யாருக்கு சுகர் கீது?" என்று அகல்யா முகத்தைச் சுளிப்பாள்.

"உடம்புக்கு நல்லது. துண்ணு."

பூபாலனும் பேசாமல் பாகற்காய் தின்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததாகச் சொல்லவில்லை.

வலிப்பு வரவில்லை. மாதாமாதம் அகல்யா மேடையேறினாள். ஒரு மாத்திரை இல்லை, ஒரு டாக்டர் இல்லை, கர்த்தர் மட்டும்தான் என்றாள். வீடியோ ஊரெல்லாம் போனது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பெற்றவள் ஆமென் சொல்கிறாளா என்று. நாகவல்லி சொன்னாள். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள், தான் நுணுக்கிய மாத்திரைக்குத் தானே ஆமென் சொன்னாள். சபையில் அவளைத் தோமாக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். திருந்திவிட்டாள் என்று நினைத்தார்கள்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் சுதா வந்தாள். ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட், ஐடி கம்பெனி வேலை, பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அவள் மகள் பவ்யா ஒன்றாம் வகுப்பு. அவளுக்கும் வலிப்பு, கிட்டத்தட்ட அதே மாத்திரை. பாஸ்டர் குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். வருகிற ஞாயிறு விசுவாச அறிக்கை செய்துவிடுங்கள் என்றார்.

படிக்கட்டில் செருப்பு மாட்டும்போது சுதா நாகவல்லியின் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நிஜமாவே மாத்திரையே இல்லாமதானே அகல்யா நல்லாயிருக்கா?"

இப்படி நேராக ஒரு கேள்வியை அந்தப் படிக்கட்டில் நாகவல்லியைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. "கொளந்தைக்கு நேரத்துக்குச் சோறு குடும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

வீட்டில் பூபாலனிடம் சொன்னாள். அதிசயமாக அவன் வாய் திறந்தான். "சொன்னா நம்ம பொண்ணு நம்ம ஊட்ல சோறு துண்ணாது. அப்புறம் எப்பிடிக் குடுப்ப?"

"அந்தக் கொளந்த?"



புதன்கிழமை பாஸ்டரின் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அதிர்ச்சியடைவார், அழுவார், முழங்காலில் நிற்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். ஜேம்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"என் ஊட்டுக்காரருக்கு. இப்ப ஒங்களுக்கு."

கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். "யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா. தேவ நாமத்துக்கு இழுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொடுக்கிறதை நிறுத்திடாதீங்க" என்றார்.

நாகவல்லி அவரையே பார்த்தாள். "அப்ப பவ்யாவுக்கு?"

"அது அவங்கவங்க விசுவாசம்."

"நீங்க சொன்னாலும் நம்பாதீங்கன்னு சொன்னவரு நீங்கதான தம்பி?"

இருபது வருஷத்துக்குப் பிறகு தம்பி என்றாள். அவர் முகம் கல்லானது. "அபிஷேகம் பெற்றவனுக்கு விரோதமாப் பேசுறது நல்லதில்லைம்மா. உங்களுக்குன்னு இல்ல, பொண்ணுக்குத்தான் சொல்றேன்."

குறி சொன்னவரின் அதே குரல்தான். சாமி மட்டும் மாறியிருந்தது.

ஞாயிறு வந்தது. சுதா மேடையில் நின்றாள், ஒரு கையில் மைக், ஒரு கையில் மாத்திரைப் பட்டை. பவ்யா அம்மாவின் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றது. கூடை தயாராக இருந்தது. நாகவல்லி எழுந்தாள். வேண்டாம் என்பதுபோலப் பாஸ்டர் தலையை அசைத்தார்.

"ஸ்தோத்திரம்" என்றாள், வழக்கப்படி. "நானும் ஒரு சாட்சி சொல்லணும். எம் பொண்ணுக்கு நான் மாத்திர குடுத்துகினுதான் கீறேன். கஞ்சில கலந்து குடுத்துகினு கீறேன். நிறுத்துனப்ப வலிப்பு வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். சுதா, அத்தக் கூடையில போடாதம்மா."

முதலில் யாருக்கும் புரியவில்லை. விஜய் சட்டென்று பாட்டை ஆரம்பித்தான். பாஸ்டர் மைக்கில், பிசாசு தாயின் வாயையும் பயன்படுத்துவான் என்றார், ஆனாலும் கர்த்தர் மகளைச் சுகமாக்கிவிட்டார் என்றார். அல்லேலூயா என்றது கூட்டம். சுதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பட்டை அவள் கையிலேயே இருந்தது. வாசலில் நாகவல்லியைத் தாண்டும்போது, "இத்தனை நாளும் பொய்யாக்கா சொன்னீங்க?" என்றாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அகல்யா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. நாகவல்லி கிட்டப் போனாள்.

"அகலு."

"சாப்பாட்டுல கலந்தியா?"

"உன் உசிருக்காகத்தான்டி."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? எல்லாரையும் கேள்வி கேப்பியே. என்னைக் கேட்டியாம்மா?"



அகல்யா வீட்டுக்கு வரவில்லை. சபையின் பின்கட்டில் ஜெபத்துக்கென்று தங்கியிருக்கும் பெண்களோடு இருக்கிறாள். அங்கேயே சாப்பிடுகிறாள். நாகவல்லி தினமும் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் எடுத்துப் போகிறாள். அதில் எதுவும் கலப்பதில்லை. மாத்திரைப் பட்டையை மூடியின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுக்கிறாள். பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. ரப்பர் பேண்டுகூடக் கழன்றிருக்காது.

வீட்டில் பாகற்காய் வாங்குவது நின்றுவிட்டது. பூபாலன் ஒருநாள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "சப்புன்னு கீது" என்றான். 

மதியத்தில் சபைக்கு எதிர்ச்சாரியிலுள்ள பஸ் நிறுத்தத்து இரும்புப் பெஞ்சில் நாகவல்லியைப் பார்க்கலாம். பஸ்கள் வந்து நின்று போகும். அவள் ஏறுவதில்லை. மாடியில் பாட்டும் கைத்தட்டலும் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டு சட்டென்று நிற்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். மறுபடி தொடங்கினால்தான் உட்காருவாள்.