குழாய் பார்த்த திசை

ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் குமட்டும். வசவு ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வார்த்தைதான். லவுட். சத்தம் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் போய்க் குமட்டுமா என்று கேட்பீர்கள். எனக்குக் குமட்டும்.

திண்டுக்கல்லுக்கு அந்த வார்த்தை தனியாக வரவில்லை, ஸ்பீக்கரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தது. ஐம்பதுகளில் நான் வாடகை சைக்கிள் கடை போட்ட புதிதில், எங்கள் தெருவில் அதன் பேரை முழுசாகச் சொன்ன ஆள் கிடையாது. சிலருக்கு அது ரேடியோ, சிலருக்கு லவுடு, பெரும்பாலானவர்களுக்குக் குழாய். ஊமத்தம்பூவைப் பெரிதாக்கித் தகரத்தில் அடித்த மாதிரி இருக்கும். மரத்து உச்சியில் அதைக் கட்டி, கீழே மேசையில் பெட்டியை வைத்து, ரிக்கார்டு சுழல விட்டால் சாணார்பட்டி ரோட்டில் போகிற மாட்டுவண்டிக்காரன் வரைக்கும் விசேஷம் தெரிந்துவிடும். குழாய் கட்டாத வீட்டைப் பார்த்து, "என்னப்பா, திருட்டுக் கல்யாணமா?" என்பார்கள். "லவுடு பத்தல, இன்னும் லவுடா வையி" என்று பந்தலுக்குள் யாராவது கத்தாத நாள் இல்லை. அந்தத் தெருவில் எழுத்து வாசனை இல்லாதவர்களும் பிழையில்லாமல் சொன்ன இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

நானும் பள்ளிக்கூடத்தில் பெரிதாகப் படித்தவன் இல்லை. பழைய பேப்பர்க் கடையில் எடைக்குக் கிடந்த, அட்டை போன அகராதி ஒன்றை வாங்கி, பஞ்சர் ஒட்டாத நேரத்தில் புரட்டுவேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அது எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பின்னாளில் ஒருநாள் லவுடைத் தேடிப் பார்த்தேன். ஆதியில் அதற்குச் சத்தம் என்ற அர்த்தமே இல்லையாம். கேட்கப்பட்டது, காதில் விழுந்தது, அவ்வளவுதான். நாலு பேர் காதில் விழுந்த பேர் என்று புகழையும் அந்த வேரிலிருந்தே சில பாஷைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம். நம் பக்கத்துச் 'சுருதி'யும் அதே வேர்தானாம். தம்பூராவும் தகரக் குழாயும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று படித்தபோது எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

அதற்கப்புறம் அந்த வார்த்தை போன போக்கு இருக்கிறதே! கண்ணை உறுத்துகிற சாயத்துக்கும் லவுடு என்றார்கள். அடக்கமில்லாமல் நடக்கிற ஆளுக்கும் லவுடு என்றார்கள். மூக்கைத் துளைக்கிற நாற்றத்துக்குக்கூட ஒரு காலத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இது மட்டும் எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. எங்கள் தெருவுக்குத் தெற்கே தோல் ஷாப்பு. சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற ஆட்டுத்தோல் வாடை, காற்று திரும்பினால் சோற்றில் வந்து உட்காரும். அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். இன்னொன்றுக்குத்தான் என்னால் பழக முடியவில்லை.

குழாயை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குழாய் ரோட்டைப் பார்க்கும். இரண்டாவது குழாய், விசேஷ வீட்டுக்காரருக்கு ஆகாதவன் வீட்டைப் பார்க்கும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியோ, பத்திரிகை வைக்காத மச்சினனோ, அவன் வீட்டு ஓட்டுக்கு நேராக வாயைத் திருப்பிக் கட்டச் சொல்லுவார்கள். "நாம நல்லா இருக்கோம்னு அவன் காதுல விழணும்ல?" இதை யாரும் ஒளித்துச் செய்ததில்லை. குழாய் செட்டை வாடகைக்கு விடுகிற செட்டுக்காரனே மரத்தில் ஏறி நின்று, "ரெண்டாவது எந்த வீட்டுக்குண்ணே?" என்று கேட்டுத்தான் கட்டுவான். கீழே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். என் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு பூட்டுக்காரர் குடியிருந்தார். பட்டறையில் பூட்டுக்கு நெம்புகோல் வெட்டுகிற வேலை. மிச்சத்தை வீட்டிலும் உட்கார்ந்து செய்வார். அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த வீடு அதே சந்தின் மறுமுனையில், நடுவே ஒரு வேப்பமரம். அக்கா வீட்டுக்காரர் காய்கறி மண்டி வைத்திருந்தார். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தன் நாத்தனாரைத் தம்பிக்குக் கட்ட அக்கா நினைத்திருக்க, தம்பி கன்னிவாடிப் பக்கத்துப் பெண்ணைப் பிடித்துக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அக்கா வாயில் பேரே கிடையாது. "கன்னிவாடிக்காரி" என்றுதான்.

ஒருநாள் பூட்டுக்காரர் பட்டறையில் துருப்பிடித்த தகரத்தை மிதித்துவிட்டார். சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தார். சில நாள் கழித்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, "தாடை என்னமோ இறுக்கிப் பிடிக்குதுய்யா" என்றார். மறுநாள் வாயைத் திறக்க முடியவில்லை. ரணஜன்னி, டெட்டனஸ் என்கிறார்களே, அது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். மதுரைக்குக் கொண்டுபோனால் வழிக் குலுக்கலே ஆளை முடித்துவிடும் என்றவர், தினமும் வந்து ஊசி போடுவதாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "இருட்டு ரூம்ல வையிம்மா. வெளிச்சம் படக்கூடாது. சத்தம் கூடவே கூடாது. ஒரு தட்டு கீழ விழுந்தாலும் வலிப்பு வரும். வலிப்புல மூச்சு நின்னா, நான் வந்து பிரயோஜனமில்ல."

அவர் பிழைப்பதும் போவதும் சத்தத்தில் இருந்தது. அந்தப் பெண் ஜன்னலுக்குச் சாக்கு அடைத்தாள். பாத்திரத்துக்கெல்லாம் பழந்துணி சுற்றினாள். கொலுசைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். நான் என் சைக்கிள்களில் மணியை எல்லாம் கழற்றி வைத்தேன். உப்பு விற்கிறவள்கூட அந்தச் சந்துக்குள் கூவாமல் நடந்து போனாள். தெரு நல்ல தெருதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த வாரத்தில்தான் மண்டிக்காரர் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தவேண்டிய காது. கூடப் பிறந்த மாமன் நாலு வீடு தள்ளிக் கிடக்க, சித்தையன்கோட்டையிலிருந்து தூரத்து உறவில் ஒரு மாமனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். விடிந்ததும் செட்டுக்காரன் வேப்பமரத்தில் ஏறினான். "ரெண்டாவது எந்த வீட்டுக்குண்ணே?" கேட்கவே வேண்டியதில்லை.

"ஹலோ ஹலோ" என்று முதல் சத்தம் வந்ததும் நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். வாசலில் நின்று பார்த்தேன். அந்த இருட்டில் மனுஷர் தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட, நடு உடம்பு வில்லாக எழும்பி நின்றது. பல் கடிபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அவர் நெற்றியில் கை வைக்கப்போய், தொட்டாலும் ஆகாது என்று எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைத் தாண்டி வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

பந்தலுக்குள் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. மண்டிக்காரர் ரோஸ் சட்டை, ஜவ்வாது வாடை, வாய் நிறைய வெற்றிலை. அக்கா கிளிப்பச்சைப் பட்டில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அந்தக் குழாயை மட்டும் நிறுத்துங்கண்ணே. அவருக்கு வலிப்பு வருது" என்றாள் அந்தப் பெண். பாட்டுச் சத்தத்தில் மண்டிக்காரருக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்து, "ஆங்?" என்றார். மறுபடி சொன்னாள். மறுபடி, "ஆங்?" கேட்டுவிட்டது என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது.

நான் கத்திச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார்.

"ஏப்பா சைக்கிளு, உனக்கு இதுல என்னப்பா சோலி? போன வாரம் நல்லா நடந்து போனானே, நாந்தான் பாத்தேனே. தாய்மாமன் மடி இல்லாம குத்துறோம்ல, வயித்தெரிச்சல். படுத்துக்கிட்டு நடிக்கிறான்."

"மதினி, நீங்களாச்சும் வந்து பாருங்க" என்று அவள் அக்கா பக்கம் திரும்பினாள்.

"விசேஷத்தை நிப்பாட்டத்தான் வந்தியாடி? என் தம்பியப் பிரிச்சது பத்தாதா?" என்றார் அக்கா. சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. அதையும் நான் கவனித்தேன். ஆனால் கால் நகரவில்லை.

பந்தியில் பெரியவர்கள் இருந்தார்கள். உப்பு விற்கிறவளுக்கு இருந்த இரக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கும், இலையில் பாயசம் ஊற்றாதிருந்தால். ஒருவர் புறங்கையை நக்கிக்கொண்டே, "விசேஷ வீடுன்னா சத்தம் இருக்கத்தான செய்யும் தாயி" என்றார். அந்தக் கையும் வாயும் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மண்டிக்காரர் மேசைப் பக்கம் திரும்பி, "ஏலே, இன்னும் செத்த லவுடா வையிடா" என்றார். செட்டுக்காரன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், திருகைத் திருகினான்.

அவள் வெளியே போனாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். போனவள், புருஷன் தகரம் வெட்டுகிற கத்திரியோடு திரும்பி வந்தாள். வேப்பமரத்து அடியில் ஆள் உயரத்துக்குக் கயிற்றால் கட்டியிருந்த ஒயரைப் பிடித்தாள். ஒரே வெட்டு.

பாட்டு பாதியில் செத்தது. அன்றைக்கு வந்த அமைதியை நான் என்னவென்று சொல்ல? முதலில் காக்கைச் சத்தம் கேட்டது. அடுப்படியில் கரண்டி உரசுவது கேட்டது. சற்று முன்னால் காது குத்தி முடிந்திருந்த குழந்தை வீல் வீல் என்று அழுவது கேட்டது. அதுவரைக்கும் பெற்ற தாய்க்கே அந்த அழுகை கேட்டிருக்காது.

அவள் மரத்தடியில் நின்றபடி சொன்னாள். கத்தவில்லை. அடுக்களையில் பேசுகிற குரல்தான்.

"செத்த நேரம் எல்லாரும் சும்மா இருங்க. அவரு மூச்சு விடுறாரான்னு நான் கேக்கணும்."

பந்தியில் ஒரு கை இலைக்குப் போகவில்லை. மண்டிக்காரர் வாய்கூட மெல்லுவதை நிறுத்தியது. அவள் தன் வீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்து நின்றாள். அப்புறம் மெதுவாக நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னாளில் அகராதியைப் பார்த்தபோது, லவுடுக்கு ஆதியில் இருந்த, காதில் விழுந்தது என்கிற அர்த்தத்தை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று தோன்றியது.

மண்டிக்காரருக்குச் சுரணை திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? ஒயரை ஒட்டுடா!" என்று பாய்ந்தார். செட்டுக்காரன் பெட்டியைக் குனிந்து பார்த்தான். ரிக்கார்டு ஊசி டப்பா அவன் சட்டைப் பைக்குள் போனதை நான் பார்த்தேன்.

"ஒயரை ஒட்டிரலாம்ணே. ஊசி தீந்துபோச்சே" என்றான்.

"டேய், வாடகை குடுத்திருக்கேன்டா!"

"திருப்பித் தந்துர்றேண்ணே. ஊசி இல்லாம நானா பாடுறது?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அதோடு அன்றைக்குக் குழாய் வாயை மூடியது.

பூட்டுக்காரர் பிழைத்தார். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். ஆனால் தெருவில் மிஞ்சிய பேச்சு அதுவா என்றால், இல்லை. "காதுகுத்து வீட்டுல ஒயரை அறுத்தவ" என்று அவளுக்குப் பேர் நிலைத்துவிட்டது. குழாய் கட்டி மனுஷனைக் கொல்லப் பார்த்தவருக்கு ஒரு பேரும் இல்லை. "ஆயிரம் இருந்தாலும் பொம்பள இம்புட்டு ஆங்காரம் ஆகாதுப்பா" என்று என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, நான் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். கை நீட்டி டம்ளரைப் பிடுங்கலாமா என்றிருக்கும். அடுத்த விசேஷத்தில் வேறு ஒரு குழாய், வேறு ஒரு வீட்டைப் பார்த்துக் கட்டியாயிற்று. கீழே நின்று அதே சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை.

பூட்டுக்காரர் சுவரைப் பிடித்து எழுந்து உட்காரத் தொடங்கிய நாளில், அக்கா தூக்குவாளியில் கறி வெஞ்சனம் கொண்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். தம்பி வாய் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் திறக்கும், கஞ்சியே கரண்டியில்தான் என்பது அக்காவுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அக்கா தம்பியின் முகத்தைத் தடவினார், கொஞ்சம் அழுதார். அழுது முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இருந்தாலும் நாலு பேரு முன்னால உம் பொண்டாட்டி எங்களை அசிங்கப்படுத்திட்டாடா! எம் பிள்ளை காதுகுத்துல—"

தம்பி கண்ணை மூடிக்கொண்டு, பல்லுக்கு நடுவிலிருந்து சொன்னார்: "மெதுவாப் பேசுக்கா. உடம்பு அதிருது."

அக்கா சட்டென்று நிறுத்தினார். அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி காதுக்குப் பக்கத்தில் குனிந்து, குரலை நன்றாகத் தாழ்த்தி, அதே வார்த்தைகளை முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.