பெண்ணழைப்புக் காருக்கு ஒரு பாட்டு சிடி

பாட்டுகளை ஏற்றி முடித்துக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வரும் சிடி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருக்கும். அதற்கென்று ஒரு வாசனையும் உண்டு. புது பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றினால் வருமே, அந்த மாதிரி. பதின்மூன்று வயதில் அந்த வாசனையை ஆசையோடு மோந்து பார்த்தவள் நான். எங்கள் கலா அக்காவின் மானமே அந்தத் தகட்டை நம்பித்தான் இருந்தது.

அக்காவுக்குக் காரும் ஆகாது, பஸ்ஸும் ஆகாது. பாகூரில் ஏறினால் கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, ஜன்னலைத் தேட ஆரம்பித்துவிடுவாள். அவளோடு யார் துணைக்குப் போனாலும் ஒரு பிளாஸ்டிக் கவரும் கூடப் போகும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த ஒரே மருந்து பாட்டு. பஸ்ஸில் ஓடும் பாட்டு அவளுக்கு முழுசும் தெரிந்ததாக இருந்து, அவளும் வாய்க்குள்ளேயே கூடப் பாடிக்கொண்டு வந்தால் ஒன்றும் ஆகாது. தெரியாத பாட்டு ஒன்று வந்துவிட்டால் போச்சு, கவரை எடுக்க வேண்டியதுதான்.

அவளுக்குக் காட்டேரிக்குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான். முதல் நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பெண்கள் காரோடு வந்து பெண்ணை அழைத்துப்போவார்கள். ஏம்பலம், வில்லியனூர், பத்துக்கண்ணு என்று நல்லபடியாகப் போனாலே ஒரு மணி நேரம். வழியில் கரும்பு டிராக்டர் மாட்டினால் இன்னும் கூட ஆகும். தேதி குறித்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பங்கரையில் அத்தையிடம் அவள் சொன்னதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"பட்டுப்பொடவையோட அவுங்க காருல வாந்தி எடுத்தான்னு வையி, பொண்ணுக்கு மசக்கைன்னு பேசிடுவாளுங்க. அப்புறம் யாரு வாய நாம மூடறது?"

மசக்கை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரியும். மாத்திரை போடலாம் என்று அத்தை சொன்னதற்கு, தூங்கி வழிந்துகொண்டு போய் இறங்கினால் அது இன்னும் கேவலம் என்றாள் அம்மா. மணப்பெண் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும்தான், ஆனால் அது ஒரு தடவைகூட மூக்குக்குப் போகக் கூடாது. கண்ணாடியை இறக்கினால் தலை அலங்காரம் கலைந்துவிடும். மிச்சம் இருந்தது பாட்டுதான். அந்தப் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பாகூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கிருந்த அண்ணனிடம் அக்காவுக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் சொல்லி, நூற்றுக்கு மேல் ஒரே சிடியில் ஏற்றி வாங்கிவந்தேன். வீட்டு டிவிடி பிளேயரில் அருமையாக ஓடியது. அப்படியே விட்டிருந்தால் அவ்வளவுதான். ஏதோ ஒரு புத்தியில் எங்கள் மாமாவின் பழைய வேனில் போட்டுப் பார்த்தேன். உள்ளே இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் 'கர்ர்' என்றது. பிறகு கசப்பு மருந்தைத் துப்புகிற குழந்தை மாதிரி வெளியே தள்ளிவிட்டது. எத்தனை தடவை ஊட்டினாலும் துப்பியது.

சென்டர் அண்ணன் சிரித்தார். "எம்.பி.த்ரீயா எழுதினா பழைய கார் செட்டுக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆடியோ சிடியா எழுதணும், அதுவும் மெதுவா எழுதணும். ஆனா ஒண்ணேகால் மணி நேரப் பாட்டுதான் புடிக்கும்."

வரப்போகும் கார் புதுசா பழசா யாருக்குத் தெரியும்? 'உங்க காருல எந்த சிடி ஓடும்' என்று எந்தப் பெண்வீட்டார் சம்பந்தியைக் கேட்பார்கள்? எந்தக் கார் வந்தாலும் ஓடுகிற மாதிரி எழுதுவதுதான் புத்திசாலித்தனம். நூறு பாட்டை ஒண்ணேகால் மணி நேரத்துக்குள் அடக்க அக்காவும் நானும் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிடித்த பாட்டு என்பதெல்லாம் எடுபடவில்லை. ஒரு சொல் விடாமல் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும். வரிசையை நான் சாலையை வைத்துப் போட்டேன். கிளம்பும்போது அக்கா அழுவாள், அழுதுகொண்டே பாட முடியாது, அதனால் முதலில் சும்மா கேட்கிற மாதிரி ஒன்று. ஏம்பலத்துக்கு முன்னால் வளைவுகள், அங்கே வேகமான பாட்டு. பத்துக்கண்ணுக்குப் பிறகு ரோடு குலுக்கி எடுக்கும் என்று மாமா சொன்னதால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அக்கா பாடக்கூடிய பாட்டுகளைக் கடைசிக்கு வைத்தேன். புது சிடியை மாமா வேன் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து அப்பாவே, "இன்னாடி, கலெக்டர் வேல கெடச்சிடுச்சா?" என்று கேட்டார்.

பெண்ணழைக்க வந்தவர்களில் முக்கியமானவர் மாப்பிள்ளையின் அக்கா விஜயா, பிற்பாடு எங்களுக்கு 'அண்ணி' ஆனவர். ஆள் வாட்டசாட்டம், பார்வை கத்தரிக்கோல். மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவார் என்று ஊருக்கே பேர். காரில் அக்கா நடுவில், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், முன்சீட்டில் சீர்த்தட்டுகள். மற்றவர்கள் பின்னால் வேனில். அம்மா சிடியை உறையோடு தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். நான் அதை வாங்கி டிரைவரிடம் நீட்ட, அவர் உருவிச் செட்டுக்குள் தள்ளினார். பாட்டு வந்தது. எனக்கு உயிரும் வந்தது.

வில்லியனூர் வரை எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே நடந்தது. அக்கா தலையைக் குனிந்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். பத்துக்கண்ணு தாண்டி ஒரு கரும்பு டிராக்டரின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது பாட்டு திக்கியது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு நின்றேபோனது. டிரைவர் அடுத்த பாட்டைத் தட்டினார், அதுவும் அப்படியே. அக்காவின் உதடு காய்வதை நான் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் உடைந்தது.

"அத எடுத்துக் குடுப்பா," என்றார் விஜயா அண்ணி. சிடியைத் திருப்பினார். பளபளக்கும் பக்கத்தில், விளிம்போரமாக, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நல்ல காரியத்துக்குப் போகிற பொருள் ஆயிற்றே என்று அம்மா பொட்டு வைத்திருக்கிறாள், மினுமினுப்பதுதான் முகம் என்று நினைத்து. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்? முதல் பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கடைசிக்கென்று பார்த்துப் பார்த்து வைத்தவைதான் பொட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டன.

அண்ணி தன் பட்டு முந்தானையாலேயே துடைத்தார். துடைக்கத் துடைக்க மஞ்சளாக இழுபட்டதே தவிரப் போகவில்லை. தகட்டை என் மடியில் போட்டுவிட்டு அக்காவின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"பாட்டு நின்னா உனக்கு மூஞ்சி மாறுது. நானும் உன் வாயப் பாத்துக்கினுதான் வரேன்," என்றார். பிறகு நின்றுபோன இடத்திலிருந்து அவரே பாட ஆரம்பித்தார். சுருதியாவது, தாளமாவது, ஒன்றும் கிடையாது. இரண்டு வரியில் நிறுத்தி, "அடுத்தது இன்னா? எனக்குத் தெரியலியே, நீ சொல்லு," என்றார்.

அக்கா முனகினாள். "காதுல வுழல, சத்தமா," என்றார். அக்கா பாடினாள். நானும் சேர்ந்துகொண்டேன், டிரைவரும் ஸ்டியரிங்கில் தட்டினார். காட்டேரிக்குப்பத்தில் கார் நின்றபோதும் நாங்கள் பாட்டை முடித்திருக்கவில்லை. ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். மணப்பெண் பாடிக்கொண்டு வந்து இறங்கியதை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. அவள் முகத்தில் வாட்டம் துளியும் இல்லை.

இப்போது மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், புதுக் கார் வாங்கியிருக்கிறார். அதில் சிடி போடுகிற வாயே இல்லை. பாகூர் கம்ப்யூட்டர் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. போனிலிருந்து பாட்டு அது பாட்டுக்கு வருகிறது, அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வளைவுக்கு இந்தப் பாட்டு, இந்தக் குலுக்கலுக்கு இது என்று ஒருத்திக்காக உட்கார்ந்து கோர்க்கிற வேலை ஒழிந்தேபோனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைப்பானேன்.

போன பொங்கலுக்கு அந்தக் காரில் திருக்கனூர் போனோம். அக்கா முன்சீட்டில், நானும் அண்ணியும் பின்னால். பழைய கதையை நான் எடுத்துவிட, மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி வெளியே பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்: "அன்னிக்கு நீ வாந்தி எடுத்திருந்தா, நான்தான் எடுத்தேன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணழைப்பு நடந்தபோது அண்ணிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை, அதற்குப் பிறகும் பிறக்கவில்லை. அவர் வாந்தி எடுத்ததாகச் சொல்லியிருந்தால் ஊர் எப்படிக் கொண்டாடியிருக்கும், பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவரை என்ன பேச்சுப் பேசியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தனையையும், அன்றுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணுக்காக வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறார். அக்கா கையைப் பின்னால் நீட்டி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள், திருக்கனூர் வரும்வரை விடவில்லை.