துபாயிலும் மின்வெட்டு

அஞ்சல்வழிப் படிப்பின் கடைசி ப்ராஜெக்டை முகம் தெரியாத நால்வர் இணையத்தில் சேர்ந்து செய்தோம். அதை முடித்தால் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். குழுத் தலைவருக்குத் துபாயில் வேலையாம். எதை எழுதினாலும் “ஓகே ஃபைன்” என்று முடிப்பார். என் ஊர் கடலாடி என்றதும், “அங்கனயெல்லாம் நெட் இருக்கா சிஸ்டர்? ஓகே ஃபைன்” என்று இரக்கப்பட்டார். கடலாடியில் கரண்ட் போகும்போதெல்லாம் துபாயிலும் போனதுதான் அதிசயம்.

ப்ராஜெக்டை அனுப்ப வேண்டிய அன்று, நான் உட்கார்ந்திருந்த உள்ளூர் பிரவுசிங் சென்டர் இருண்டது. “போச்சு! ஓகே ஃபைன்” என்று அடுத்த கேபினில் ஒரு குரல். பவுடர் வழிய, டை கட்டிய ஒருவர் வெளியே வந்தார்.

“துபாய்லயும் கரண்ட் போயிருச்சாண்ணே?” என்றேன்.

“எல்லா ஊர்லயும் இப்ப இப்படித்தான் தங்கச்சி” என்றார், அசராமல்.

கரண்ட் வந்ததும் உள்ளே போய்த் தன் பகுதியை ஒழுங்காகவே முடித்து அனுப்பினார். என் பட்டம் தப்பியது. பின்னாலேயே செய்தி வந்தது: “துபாய்ல இப்பத்தான் கரண்ட் வந்துச்சு சிஸ்டர். ஓகே ஃபைன்.”

கடலாடிக்கும் துபாய்க்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் பலகைதான்.