உப்பில்லாச் செவ்வாய்

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கறியில் உப்பு இருக்காது. கடையில் தட்டுப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் புதன், ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக். அதற்காக ஒழுங்கையின் வயது போன ஆண்கள் எல்லாரும் ஒரே நாளில் விரதக்காரர்களாக மாறிவிடுவார்கள். உப்பில்லாத கஞ்சி, முருங்கையிலை வறை, உள்ளி போட்டுக் காய்ச்சிய பால். ஒரு குசினியிலிருந்தும் கருவாட்டு வாசம் வராது. புதன் மத்தியானம் கிளினிக் முடிந்து ஆட்கள் திரும்பியதும் வீட்டுக்கு வீடு சீலாக் கருவாடு பொரியும்.

எங்கள் வீட்டு விரதக்காரர் மாமா, அம்மாவின் அண்ணன். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குச் சோறு போட்டது மாமாவின் தோள்தான். திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தில், ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைத் தூக்கி லொறியில் ஏற்றும் வேலை அவருக்கு. ஒருமுறை ஒருவர் பெட்டியோடு சுருண்டு விழுந்த பிறகு, வயது போனவர்கள் கிளினிக்கில் 'நல்லம்' என்று சொல்லி அனுப்பினால்தான் பெட்டி தூக்கலாம் என்று முதலாளி சட்டம் போட்டார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் போட்டார். அந்தச் சட்டத்துக்கு எங்கள் ஒழுங்கை கண்டுபிடித்த மருந்துதான் செவ்வாய்க்கிழமை.

கிளினிக்கில் கொடுக்கும் குளிசைகளை மாமா ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாகச் சேர்த்து வைப்பார். செவ்வாயும் புதன் காலையும் மட்டும் போடுவார். எனக்கு விளங்கிய அளவில் இது ஒரு சோதினை. முதல் நாள் விழுந்து விழுந்து படிக்க வேண்டும், அடுத்த நாள் பாஸ் பண்ண வேண்டும், பிறகு மறந்துவிட வேண்டும். நானும் பள்ளிக்கூடத்தில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு புதன்கிழமை மாமாவோடு நானும் போனேன். விடியற்காலையிலேயே வாங்குகளில் இருக்க இடமில்லை. அன்றைய உழைப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கிண்ணியாவில் இருந்து வரும் ஒரு நர்ஸ் மிஸ்ஸி, முக்காடு போட்டவ, மாமாவின் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஐயா, இப்பிடியே இருங்கோ" என்றா.

மாமா பாஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நேற்று முழுக்க மாமா உப்பே சாப்பிடேல்ல, மிஸ்ஸி. குளிசையும் போட்டவர்."

மிஸ்ஸி என்னைப் பார்த்தா. "மற்ற நாளில?"

"மற்ற நாளில கருவாடு."

மாமா மேலே சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அடுத்தவரைக் கூப்பிட்டா. திரும்பி வரும் வழியில் மாமா என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். வீட்டில் அம்மா, "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதா உனக்கு?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் பிட்டும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மிஸ்ஸி பிரஷர் மெஷினோடு படலையில் நின்றா. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. மாமாவைப் பிடிக்க வந்திருக்கிறா என்றுதான் நானும் நினைத்தேன். மிஸ்ஸிமாருக்கும் ஞாயிறு என்று ஒரு நாள் உண்டு, அன்று அவர்களும் வீட்டில் இருக்க விரும்புவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

"சாப்பிட்டு முடியுங்கோ ஐயா, ஆறுதலாப் பாப்பம்" என்று கதிரையில் இருந்தா. பிறகு ஒருமுறை பார்த்தா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை பார்த்தா. அவவின் முகத்தைப் பார்த்ததும் மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"மிஸ்ஸி, முதலாளிக்குச் சொல்லிப்போடாதீங்கோ. இந்த ரெண்டு சீவனுக்கும் நான்தான்."

"காட்டிக்குடுக்க வரேல்ல ஐயா. குளிசையை ஏன் போடுறேல்ல எண்டு கேக்க வந்தனான்."

மாமா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அந்தக் குளிசை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு ஒதுங்க வேண்டும். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கே ஒதுங்குவது? துறைமுகத்தில் அதற்கு ஒழுங்கான இடமும் இல்லை.

"இதைச் சொல்லியிருந்தா டொக்டர் வேற குளிசை தந்திருப்பாரே."

"அங்க ஆர் கேட்டவை, மிஸ்ஸி?"

மிஸ்ஸி பட்டியைச் சுருட்டி வைத்தா. பிறகு, "ஓம் ஐயா, கேக்கேல்லத்தான்" என்றா.

அடுத்த நாளே மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு நெஞ்சில் வயர்களைப் பூட்டிப் பார்த்தார்கள். இதயம் வீங்கிப்போய் இருக்கிறது, இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றார்கள். குளிசையை மாற்றினார்கள். மிஸ்ஸி நேரே முதலாளியிடம் போய், மாமாவை நிற்பாட்டாமல் பாரமில்லாத வேலை ஒன்று கொடுக்கச் சொல்லிக் கதைத்தா. மாமாவை மீன் நிறுக்கும் தராசடியில் இருத்தினார்கள், கூலி குறைவு. அம்மா மீன் வெட்டிக் கொடுக்கும் வேலைக்குப் போனா. வேலை முடிகிற நேரத்தில், பின்னேரங்களில், மிஸ்ஸிமார் மெஷினோடு துறைமுகத்துக்கே வரத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். செவ்வாய்க்கிழமைகளுக்கு வேலை இல்லாமல் போனது.

மாமாவுக்குத் தராசடி பிடிக்கவில்லை. நான் சாப்பாடு கொண்டு போகும்போது, மற்றவர்கள் பெட்டி தூக்குவதைப் பார்த்தபடி கைகளை மடியில் போட்டுக்கொண்டு இருப்பார். ஒருநாள் பக்கத்தில் நின்றவரிடம் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளை வாய் திறக்கும்வரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் அதை அப்படியே நம்பினேன். மாமாவின் நோய் என் வாயால் வந்த வருத்தம். அழுதுகொண்டே கோயிலுக்கு ஓடி, மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, நான் மிஸ்ஸியிடம் ஒன்றுமே சொல்லாத மாதிரி ஆக்கிவிடும், மாமா பழையபடி பெட்டி தூக்கட்டும் என்று மன்றாடினேன். எத்தனையோ நாள் மன்றாடினேன்.

மாதா இரங்கவில்லை. மாமா அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் தூக்கவில்லை. வருடங்கள் கழித்து என் கலியாணத்தன்று, அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நின்று, என் கையைப் பிடித்துப் பீடம்வரை நடந்து வந்தார்.